507-இன் நடுவே பூஜ்யம் எதற்கு?

507 என்று எழுதி, நடுவிலுள்ள பூஜ்யத்தை அழித்தால் மிஞ்சுவது 57. மதிப்பே இல்லாத ஒன்றை நீக்கியதற்கு 450 எப்படிக் குறைந்தது? நூற்றின் இடத்தில் இருந்த 5, பத்தின் இடத்துக்கு இறங்கிவிட்டது. இலக்கம் ஓரிடம் வலப்பக்கம் நகர்ந்தால் அதன் மதிப்பு பத்தில் ஒரு பங்காகிவிடும்.

பழைய தமிழ் எண்முறையில் இந்தச் சிக்கலே கிடையாது. பத்துக்கு ௰, நூற்றுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ எனத் தனித்தனிக் குறிகள் இருந்தன. 507 என்பது ௫௱௭. 57 என்பது ௫௰௭. எந்த இடம் காலியோ அதன் குறியை எழுதாமல் விட்டால் போதும், பூஜ்யம் வேண்டாம். வாசிக்க மிகத் தெளிவான முறை இது.

கூட்டலில்தான் வித்தியாசம் தெரியும். ௨௲௫ (2005), ௩௱௪௰ (340) இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால் ஆயிரத்துக்கு நேர்கீழே நூறு வந்து நிற்கும். 2005-க்குக் கீழே 340-ஐ வலப்பக்கம் ஒட்டி எழுதுங்கள்; ஒன்று ஒன்றோடும் பத்து பத்தோடும் தாமாகவே சேரும். அந்த வரிசை கலையாமல் காப்பது பூஜ்யம். எத்தனை பெரிய எண்ணுக்கும் பத்தே இலக்கங்கள் போதும் என்பது இன்னொரு லாபம்.

பூஜ்யம் இப்படி எழுதப்பட்டதற்குப் பழைய சான்றாக, குவாலியர் கோட்டையின் சதுர்புஜக் கோயிலில் கி.பி. 876-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. 270 முழ நீளம், 187 முழ அகலத்தில் நந்தவனம், நாள்தோறும் 50 மாலைகள் என்கிறது அது. 270-லும் 50-லும் பூஜ்யம் சிறு வட்டமாகச் செதுக்கப்பட்டிருக்கிறது.

தமிழ் இலக்கங்களும் பின்னாளில் பூஜ்யத்தோடு கூடிய இந்த முறைக்கு மாறின; 507 இப்போது ௫௦௭. யுனிகோடில் தமிழ்ப் பூஜ்யம் இடம்பெற்றது 2005-இல்தான்.