போல்ட்டின் பருமன் போதாது, மரையையும் அளந்து கொடுப்போம்

ஒருவர் தடுமாறிப் பேசினால் 'மரை கழன்று போச்சு' என்று கேலி பேசுவது நம்மவர் வழக்கம். எஞ்சினில் மரை கழன்றால் சிரிக்க முடியாது. மலையகத்தில் உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவர்களும் கராஜ் நடத்துபவர்களும் இந்த விடயத்தைக் கொஞ்சம் கவனமாக வாசிக்க வேண்டும்.

பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்க் ஷாஃப்ட். அதன் பின்முனையில் ஃப்ளைவீலும், முன்முனையில் பெல்ட் புல்லியும் போல்ட்டால் பூட்டப்பட்டிருக்கும். ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு வரும் வண்டி சுமார் 1,270 மீற்றர் உயரத்திலிருந்து 1,870 மீற்றர் வரை ஏற வேண்டும். வளைவுக்கு வளைவு கியர் மாற்றம், கிளட்ச் இழுப்பு. அந்த உதறலை எல்லாம் தாங்குவது பின்முனையிலுள்ள சில போல்ட்டுகள்தான்.

இனி வியாபாரத்துக்கு வருவோம். '10 மில்லிமீற்றர் போல்ட் ஆறு தாங்க' என்று கேட்டு வருபவரிடம், பருமனைப் பார்த்துக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்ததாக நினைக்கிறோம். ஆனால் சாதாரணமாகச் சந்தையில் கிடைக்கும் 10 மில்லிமீற்றர் போல்ட்டில் மரைக்கு மரை இடைவெளி 1.5 மில்லிமீற்றர். ஜப்பான் வாகனங்களில் அநேகமாக 1.25. தவறானது ஓரிரு சுற்று இலகுவாக உள்ளே போகும், பிறகு இறுகும். அப்போது நீளமான குழாயைப் போட்டு முறுக்கினால் துளையின் மரை வழித்துக்கொண்டு வந்துவிடும்.

மலையகத்தில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். தேயிலைத் தொழிற்சாலைகளின் பழைய ஆங்கிலேய இயந்திரங்களில் இருப்பது, 1841 இல் ஜோசப் விட்வர்த் வகுத்த அங்குல மரை. அதன் கோணம் 55 பாகை. இன்றைய மில்லிமீற்றர் மரைக்கு 60 பாகை. அரை அங்குல விட்வர்த் போல்ட்டில் அங்குலத்துக்கு 12 மரை, அதே பருமனுள்ள அமெரிக்க முறைப் பெரிய மரையில் 13. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

கந்தப்பளையிலிருந்து மரக்கறி ஏற்றும் லொறி உரிமையாளர் ஒருவர் என் கடைக்கு வந்தார். வேறெங்கோ வாங்கிய போல்ட்டைப் பூட்டியதில் ஃப்ளைவீல் துளைகளில் இரண்டு கெட்டுவிட்டன. 'கிராங்கையே மாத்தச் சொல்றாங்க நானா' என்றார். லீசிங் கட்டணம் ஒருபுறம், ஏற்றக் காத்திருக்கும் லீக்ஸ் மறுபுறம். லேத் பட்டறையில் காட்டியபோது, துளையைச் சுற்றிப் போதிய இரும்பு இருந்ததால் கிராங்கைக் காப்பாற்ற முடிந்தது.

அந்த வேலை இப்படித்தான் நடக்கும். வாய்ப்பக்கத்து மரை மாத்திரம் நசுங்கியிருந்தால் சரியான டேப்பை ஓட்டிச் சுத்தம் செய்தால் போதும். முழுதாகப் போயிருந்தால் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, அதற்கென்றே உள்ள டேப்பால் புது மரை வெட்டி, ஸ்பிரிங் போன்ற ஹெலிகொயிலை உள்ளே ஓட்ட வேண்டும். பழைய அளவு போல்ட்டையே மீண்டும் பூட்டலாம். துளை ஒரு நூல் சரிந்தாலும் கெடுதி. ஆகவே கிராங்கைக் கழற்றி இயந்திரத்தில் வைத்துத் துளைப்பதே நல்லது. இரும்புத் தூள் எண்ணெய்த் துவாரத்துக்குள் போகக் கூடாது. துளையை வெல்டிங்கால் நிரப்புவதற்குச் சம்மதிக்க வேண்டாம். அந்தச் சூட்டில் கிராங்க் வளையலாம், பிறகொரு நாள் வெடிக்கலாம். இறக்கத்தில் ஃப்ளைவீல் கழன்றால் போவது பணம் மாத்திரமல்ல.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடையில், 2022 இல் 200 ரூபா அளவிலிருந்த டொலர் 360 ரூபாவைத் தாண்டியது. புது வண்டிக்கு வழியில்லாமல் பழையதைப் பழுதுபார்த்தே பலர் பிழைத்தார்கள். பழுதுபார்க்கும் தொழிலுக்கு அதனால் மதிப்புக் கூடியது. சரியான பொருளைத் தரும் கடைக்கும் அதே மதிப்பு உண்டு.

ஆகவே சகோதரர்களே, கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு மரை கேஜ் வைத்திருங்கள். அது இல்லையென்றால் அடிமட்டம் போதும். பத்து மரை இடைவெளி 12.5 மில்லிமீற்றர் வந்தால் 1.25, 15 வந்தால் 1.5. பழைய போல்ட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். புதியதையும் பழையதையும் பக்கவாட்டில் சேர்த்து வெளிச்சத்தில் பிடியுங்கள், மரைகள் இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். தலையிலுள்ள இலக்கத்தையும் பாருங்கள். 10.9 இருந்த இடத்துக்கு 8.8 கொடுக்காதீர்கள். பூட்டும் பாஸ்மாரும் கைக்கணக்கை நம்பாமல் டோர்க் ரெஞ்ச் பாவிக்கட்டும்.

இதற்கெல்லாம் இரண்டு நிமிடம் செலவாகும். ஆறு போல்ட்டில் கிடைக்கும் இலாபம் சொற்பம்தான். ஆனால் அந்த ஆறு போல்ட்டை நம்பி ஒரு லொறி ஓடுகிறது, அந்த லொறியை நம்பி ஒரு வீட்டில் அடுப்பு எரிகிறது.