நிரையாக எழுதி, நிரலாகப் படித்தல்

எங்கள் பள்ளியின் 2009ஆம் ஆண்டு விழாவைப் பதிந்த டிவிடி ஒன்று அலமாரியில் கிடந்தது. என் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் சித்தி அந்த விழா நாடகத்தில் நடித்தவர். "ஒரே ஒரு தடவை பாக்கணும் மிஸ்" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்ததால் வகுப்பையே கணினி அறைக்கு அழைத்துச் சென்றேன். வரவேற்புரை, பரிசளிப்பு எல்லாம் ஓடின. நாடகம் தொடங்கியதும் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிட்டது.

தட்டைத் திருப்பிப் பார்த்தோம். மையத்திலிருந்து விளிம்பு வரை ஒரு பெரிய கீறல். அதோடு வட்டமாகச் சில மெல்லிய கீறல்கள். வட்டக் கீறல்கள் என் கைவேலை. தூசி தெரியும்போதெல்லாம் முந்தானையால் சுற்றிச் சுற்றித் துடைத்தவள் நான்தான். "பெரிய கீறல் ஒண்ணும் பண்ணல, சின்னது ஏன் மிஸ் நிறுத்துது?" என்று ஒரு மாணவன் கேட்டான். இயற்கணிதத்தில் அணிகள் நடத்திக்கொண்டிருந்த நேரம் அது. பதில் அந்தப் பாடத்துக்குள்ளேயே இருந்தது.

டிவிடி தன் தரவை 208 நிரை, 182 நிரல் கொண்ட அணிகளாக அடுக்கி வைக்கிறது. ஓர் அணியில் 37,856 பைட்டுகள். அவற்றில் 192 × 172 அளவுதான் தரவு. ஒவ்வொரு நிரையின் முடிவிலும் 10 பைட்டுகளும், ஒவ்வொரு நிரலின் அடியில் 16 பைட்டுகளும் பிழைதிருத்தத்துக்காகச் சேர்க்கப்பட்டவை. இர்விங் ரீட், கஸ்டவ் சாலமன் என்ற இருவர் 1960இல் வெளியிட்ட கணித முறை இதற்கு அடிப்படை.

தட்டில் தரவு உள்ளிருந்து வெளியே சுருளாக, நிரை நிரையாக எழுதப்படுகிறது. குறுக்குக் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் பைட்டுகளைத்தான் தொடும். வட்டக் கீறலோ தடத்தின் மேலேயே ஓடி, அடுத்தடுத்த நிரைகளை முழுதாக அழிக்கும். ஒரு நிரைக்குள் 5 தவறுகள் வரைதான் திருத்த முடியும். அப்போது நிரல்கள் கைகொடுக்கின்றன. பத்து நிரைகள் அழிந்தாலும் ஒரு நிரலில் பத்து பைட்டுகள்தானே போயின? கெட்ட நிரைகள் எவை என்று தெரிந்தால் ஒரு நிரலில் 16 இழப்புகள் வரை மீட்கலாம். தெரியாவிட்டால் 8 தான். என் முந்தானை அந்த எல்லையையும் தாண்டிவிட்டது.

இதுவரை பலரும் அறிந்ததே. எனக்குச் சுவையாகப் பட்டது இதற்குப் பிறகு வரும் சிக்கல். நிரையாக வந்த தரவை நினைவகத்தில் வைத்துவிட்டு நிரலாகப் படிக்க வேண்டும். நினைவகச் சில்லு ஒரு பதிவேடு போன்றது. ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டால் அதிலுள்ளவற்றை மளமளவென்று படிக்கலாம். வேறு பக்கம் வேண்டுமென்றால் இதை மூடி அதைத் திறக்க வேண்டும். சுமார் 60 நானோவிநாடி போகும். பக்கம் 1,024 பைட் என்று கொள்வோம். ஒரு பக்கத்தில் ஐந்தரை நிரைதான் அடங்கும். முழு அணிக்கு 37 பக்கங்கள். நிரைகளை வரிசையாகப் படித்தால் 37 முறை திறந்தால் போதும். நிரல்களை ஒவ்வொன்றாகப் படித்தால் 182 × 37, அதாவது 6,734 முறை! நேரம் ஏறத்தாழ 0.4 மில்லிவிநாடி. 16 மடங்கு வேகத்தில் ஓடும் டிவிடி 1.5 மில்லிவிநாடிக்கு ஓர் அணியைக் கொண்டுவந்து கொட்டுகிறது. நேரத்தில் கால்பங்குக்கு மேல் பக்கம் புரட்டுவதிலேயே போனால், புதிய தரவை வாங்குவது எப்போது, கணினிக்கு அனுப்புவது எப்போது?

இதை வகுப்பில் மதிப்பெண் பட்டியலை வைத்துச் செய்துபார்த்தோம். பக்கத்துக்கு ஐந்து மாணவர், மொத்தம் எட்டுப் பக்கம், ஐந்து பாடங்களுக்கும் கூட்டுத்தொகை வேண்டும். முதல் குழு தமிழுக்கு எட்டுப் பக்கம் புரட்டி, மறுபடி ஆங்கிலத்துக்கு எட்டுப் பக்கம் என்று 40 முறை புரட்டியது. இரண்டாம் குழு ஒரு பக்கத்தைத் திறந்ததும் ஐந்து பாடங்களையும் கூட்டிவிட்டது. எட்டே முறை. ஆனால் இடைத்தொகைகளைக் குறித்துக்கொள்ளத் தனித்தாளில் ஐந்து கட்டங்கள் போட வேண்டியிருந்தது. நாம் மதிப்பெண் பதிவேட்டில் யோசிக்காமல் செய்வதுதான்.

பொறியாளர்களும் இதையே செய்கிறார்கள். எட்டு நிரல்களைச் சேர்த்துப் படித்தால் 23 × 37, அதாவது 851 முறை திறந்தால் போதும். இன்னொரு வழி, நிரை உள்ளே வரும்போதே அதைத் திருத்தி, 182 நிரல்களின் இடைத்தொகைகளையும் சில்லுக்குள் இருக்கும் சிறிய, வேகமான நினைவகத்தில் வளர்த்துக்கொண்டே போவது. அதற்கு 182 × 16, அதாவது 2,912 பைட் இடம் தேவை. பிழை இருக்கும் இடத்துக்கு மட்டும் பெரிய நினைவகத்தைத் தொட்டால் போதும். இடம் கொடுத்து நேரம் வாங்குகிறார்கள். மூன்றாவது வழி, அணியை 32 × 32 சதுரங்களாக வெட்டி, ஒரு சதுரத்தை ஒரு பக்கத்தில் வைப்பது. நிரைக்கு 6 பக்கம், நிரலுக்கு 7 பக்கம். மொத்தம் எத்தனை முறை திறக்க வேண்டும் என்பதை வீட்டுப்பாடமாகக் கொடுத்தேன். 2,522 என்று இருவர்தான் சரியாகக் கொண்டுவந்தார்கள். நிரைக்கான கணக்கைச் சேர்க்கப் பலர் மறந்துவிட்டார்கள்.

டிவிடி பழையதாகிவிட்டதே, இது எதற்கு என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். நம் பாடநூலில் உள்ள கியூஆர் குறியீட்டில் இருப்பதும் இதே ரீட்–சாலமன் முறைதான். குறியீட்டின் ஓரத்தில் ஒரு சிறு துண்டுத் தாளை வைத்து மறைத்துவிட்டு, கைபேசியால் படிக்கச் சொல்லிப் பாருங்கள். மூலைகளில் உள்ள மூன்று பெரிய சதுரங்களை மட்டும் மறைக்க வேண்டாம். கைபேசி குறியீட்டை அடையாளம் காண்பதே அவற்றை வைத்துத்தான்.

எங்கள் தட்டை வேறொரு கணினியில், வேகத்தைக் குறைத்து, பொறுமையாகப் படிக்கவிட்டோம். மென்துணியால் மையத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்த பிறகுதான். நாடகம் கிடைத்தது, நடுவில் ஏறத்தாழ நாற்பது விநாடி தவிர. அந்த வசனத்தைச் சித்தியிடம் கேட்டு எழுதிவருவதாக அந்த மாணவி சொல்லியிருக்கிறாள்.