மான் கறி இனாம்! விற்றால் குற்றம், கொடுத்தால் தானம்!

அமெரிக்காவில் ரோட்டோரமாக ஒரு கார் நின்றது. பக்கத்தில் நின்ற பெண், போகிற வருகிற வண்டிகளைப் பார்த்து உதவி கேட்டுக் கொண்டிருந்தாள்.

அந்த வழியாக வந்த ரிக் வில்சன் என்பவர் இறங்கிப் போனார். டயர் பஞ்சர் இல்லை. என்ஜின் கோளாறும் இல்லை. செத்துக் கிடந்த ஒரு மானைக் காட்டி, அதைத் தூக்கி டிக்கியில் போட ஒரு கை கொடுங்கள் என்றாள் அந்தப் பெண்.

சட்டத்துக்கு விரோதமாச்சே என்று வில்சன் தயங்கினார். சட்டமாவது ஒன்றாவது, என் பிள்ளைகள் பட்டினி கிடக்கிறார்கள் என்றாள் அவள். வில்சன் மறுபேச்சுப் பேசவில்லை. மானைத் தூக்கிப் போட்டார்.

வர்ஜீனியா மாநிலத்தில் நடந்ததாக வில்சன் சொல்லி வரும் சம்பவம் இது. இதன் பிறகு 1997-ல், வேட்டையாடும் மானைப் பசித்தவர்களுக்குக் கொடுக்க மேரிலாந்து மாநிலத்தில் ஓர் அமைப்பைத் தொடங்கினார். பல மாநிலங்களில் இப்படி அமைப்புகள் உண்டு.

3 கோடி மான்கள்!

1900-ம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவில் வெள்ளைவால் மான்கள் சுமார் 5 லட்சம்தான் இருந்தன. இன்றைக்குச் சுமார் 3 கோடி என்று மதிப்பிடுகிறார்கள்.

மானைத் தின்னும் ஓநாய், பல இடங்களில் அடியோடு ஒழிந்து விட்டது. சோளக் கொல்லையும் வீட்டுத் தோட்டமும் மானுக்கு விருந்தாகி விட்டன. காட்டில் மரக்கன்று தலை தூக்க முடியவில்லை. ஆண்டுக்கு 10 லட்சத்துக்கும் மேலான கார்கள் மான் மீது மோதுகின்றன.

அதனால், குறிப்பிட்ட மாதங்களில் லைசென்ஸ் வாங்கி மான் சுடலாம் என்று அரசே சொல்கிறது.

விற்கக் கூடாது

சுட்ட மானை வீட்டில் சமைக்கலாம், சும்மா கொடுக்கலாம். ஆனால் விற்கக் கூடாது!

காரணம் இருக்கிறது. 19-ம் நூற்றாண்டில் கறி வியாபாரத்துக்காகச் சுட்டுத் தள்ளியதில்தான் மான் இனம் அழியும் நிலைக்கு வந்தது. காசு கிடைக்காது என்றால் கணக்கில்லாமல் சுட மாட்டார்கள் அல்லவா? அங்கே ஓட்டலில் கிடைக்கும் மான் கறி, பண்ணையில் வளர்த்த மானுடையது.

ஒரு மானில் சுமார் 20 கிலோ எலும்பில்லாத கறி தேறும். தலைக்கு 100 கிராம் என்றால் 200 பேர் சாப்பிடலாம். இலவச உணவுக் கிடங்குகளில் டின் சாமான் கிடைக்கும், கறி கிடைப்பது அபூர்வம். அங்கேதான் இது போய்ச் சேருகிறது.

கறிக்கடைக்காரர் உரித்து, அரைத்து, பொட்டலம் போடக் கூலி வேண்டாமா? நன்கொடை வசூலித்து அமைப்புகளே கூலியைக் கொடுத்து விடுகின்றன. வர்ஜீனியாவில் லைசென்ஸ் வாங்கும்போதே 2 டாலர் நன்கொடை சேர்த்துக் கட்டலாம்.

கறியில் ஈயம்!

எல்லாம் நல்லபடியாகப் போய்க் கொண்டிருந்தபோது, 2008-ல் வடக்கு டகோட்டா மாநிலத்தில் ஒரு குண்டு விழுந்தது.

வேட்டைப் பழக்கம் உள்ள டாக்டர் ஒருவர், ஏழைகளுக்கு வந்த மான் கறிப் பொட்டலங்களை ஸ்கேன் செய்து பார்த்தார். பாதிக்கும் மேற்பட்ட பொட்டலங்களில் உலோகத் துகள்கள்! உடம்பில் பாய்ந்த ஈயக் குண்டு, கண்ணுக்குத் தெரியாத பொடியாகச் சிதறிக் கறியில் கலந்திருந்தது.

இருப்பில் உள்ள அரைத்த மான் கறியைக் கொட்டி விடுங்கள் என்று மாநில சுகாதாரத் துறை சொன்னது. அதே ஆண்டில் 738 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். ஆபத்தான அளவு யாருக்கும் இல்லை. ஆனால் வேட்டைக் கறி சாப்பிட்டவர்களுக்கு ஈயம் கூடுதலாகவே இருந்தது. ஈயக் குண்டால் சுட்ட கறி கர்ப்பிணிகளுக்கும் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் வேண்டாம் என்று எச்சரித்தார்கள்.

எக்ஸ்ரே சோதனை

தானத்தை நிறுத்தினால் ஏழைக்கு நஷ்டம். சோதிக்காமல் கொடுத்தாலும் ஏழைக்குத்தான் நஷ்டம். மின்னசோட்டா மாநிலம் இதற்கு வழி கண்டது. தானமாக வரும் பொட்டலங்களை எக்ஸ்ரே எடுத்து, துகள் தென்பட்டால் ஒதுக்கி விடுகிறார்கள். செம்புக் குண்டு போட்டுச் சுட்டால் ஈயத் தொல்லையே இல்லை. ஆனால் விலை கூடுதல்.

நம் நாட்டில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானைச் சுட்டால் ஜெயில்தான். கிண்டியில் துள்ளும் புள்ளிமானுக்கும் அதுதான் காவல்.

மேரிலாந்தோ மின்னசோட்டாவோ, கறி வேகும் சட்டிக்கு முன்னால் தட்டோடு உட்கார்ந்திருப்பது குழந்தைகள். இனாமாக வந்த கறிதானே என்று சோதிக்காமல் விட முடியுமா?