சமூகப்பணி படிக்கப் போகிறீர்களா? களப்பணி எங்கே என்று கேளுங்கள்

கல்லூரியில் கடைசிப் பருவத் தேர்வு முடியும் மே மாதத்தில் நம் பிள்ளைகள் பலர் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "எம்.எஸ்.டபிள்யூ. சேரலாமா?" தமிழ் படித்தவர், வரலாறு படித்தவர், வணிகவியல், தாவரவியல் படித்தவர் என்று எந்த இளநிலைப் பட்டம் பெற்றவரும் சேரக்கூடிய இரண்டு ஆண்டு முதுநிலைப் படிப்பு அது. முடித்தால் வேலை கிடைக்கும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். கேள்வி சரியானதுதான். கேட்கும் மாதம்தான் பிந்திவிடுகிறது.

நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கும் மத்திய நிறுவனங்களுக்கான விண்ணப்பம் அண்மை ஆண்டுகளில் டிசம்பர், ஜனவரியிலேயே வந்து, மார்ச்சில் தேர்வும் நடந்துவிடுகிறது. மே மாதம் விழித்துக்கொள்பவருக்கு மிஞ்சுவது, முதலில் கூப்பிடும் கல்லூரி. என்ன பிரிவு, எங்கே களப்பணி, உதவித்தொகை வருமா என்று கேட்காமலே கடன் வாங்கிப் பணம் கட்டுகிறார்கள். அடுத்த பருவக் கட்டணத்துக்கு வழியின்றிப் படிப்பை நிறுத்துகிறவர்களை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அதனால் இந்தப் படிப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படி உள்ளே போவது என்று கொஞ்சம் விரிவாகப் பேசுவோம்.

நமக்கு ஏன் இந்தப் படிப்பு?

இந்தியாவின் முதல் சமூகப்பணிக் கல்லூரி 1936-இல் பம்பாயில் தொடங்கப்பட்டது. இன்றைய டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் அதுதான். மேரி கிளப்வாலா ஜாதவ் முயற்சியால் 1952-இல் சென்னை சமூகப்பணிக் கல்லூரி வந்தது. ஆனால் பட்டம் வருவதற்கு முன்பே பணி நடந்திருக்கிறது. சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916-இல் நந்தனார் பெயரில் பள்ளி தொடங்கினார். அம்பேத்கர் 1924-இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையை நிறுவி, மறு ஆண்டே சோலாப்பூரில் மாணவர் விடுதி திறந்தார். தங்க இடமும் சோறும் இருந்தால்தான் சேரிப் பிள்ளையின் படிப்பு தொடரும் என்பதை அவர்கள் பாடநூலில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

சமூகப்பணி ஒரு தொழிலாக வளர்ந்தபோது நாம் அதில் பெரும்பாலும் 'பயனாளி' என்ற இடத்தில்தான் இருந்தோம். காலனிக்குக் கணக்கெடுக்க வருகிறவர், கழிப்பறை உண்டா, பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள் எத்தனை என்று கேட்டு எழுதிக்கொண்டு போவார். சுடுகாட்டுக்குப் பாதை இல்லை என்று சொன்னால், அதை எழுத அவருடைய படிவத்தில் இடம் இருக்காது. படிவம் தயாரிக்கும் மேசையில் நம் ஆட்கள் இருந்தால் அந்தக் கேள்வியும் படிவத்தில் இருக்கும். இந்தப் படிப்பு நமக்கு வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை.

வேலைகளும் உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, பாதிக்கப்பட்ட பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம், மருத்துவமனை, மறுவாழ்வு இல்லம், தொண்டு நிறுவனம் என்று பல இடங்களில் சமூகப்பணிப் பட்டம் கேட்கிறார்கள். இவற்றில் பல ஒப்பந்தப் பணிகள், தொகுப்பூதியம்தான் என்பதையும் தெரிந்துகொண்டே சேர வேண்டும்.

500 தொழிலாளர்களுக்குக் குறையாத தொழிற்சாலையில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்றது 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம். பள்ளிகளுக்கு அப்படி ஒருவர் வேண்டும் என்ற பேச்சு நமக்கு ஒரு கொடுமைக்குப் பிறகே வந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரை அதே பள்ளி மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி கே.சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. 500-க்கு மேல் மாணவர்கள் உள்ள பள்ளிகளில் பள்ளி நல அலுவலரை நியமிக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. அந்த நாற்காலி உருவாகும்போது அதில் உட்காரத் தகுதியான நம் பிள்ளைகள் தயாராக இருக்க வேண்டும்.

பிரிவைப் பார்த்துச் சேருங்கள்

சமூகப்பணி என்று பொதுவாகச் சொன்னாலும் உள்ளே பிரிவுகள் உண்டு. சமுதாய வளர்ச்சி, மருத்துவம் மற்றும் மனநலம், குடும்பம் மற்றும் குழந்தை நலம், மனிதவளம் ஆகியவை முக்கியமானவை. முதலாண்டில் எல்லோருக்கும் பொதுப் பாடங்கள், இரண்டாம் ஆண்டில் பிரிவு என்று வைத்திருக்கும் கல்லூரிகள் பல. எல்லாப் பிரிவும் எல்லாக் கல்லூரியிலும் இருக்காது. குழந்தைகளுக்காக வேலை செய்ய நினைத்துச் சேர்ந்தவர், கல்லூரியில் இருப்பது மனிதவளம் மட்டும்தான் என்பதால் அதைப் படித்துவிட்டு நிற்பது நடக்கிறது. மனிதவளம் தாழ்ந்ததில்லை. வீட்டுக் கடனை அடைக்க உடனே சம்பளம் வேண்டும் என்றால் அது நல்ல வழிதான். தெரிந்து எடுங்கள் என்பதுதான் நாம் சொல்வது. மனநலத்துறைக்குப் போக நினைப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி மனநலச் சமூகப்பணியாளர் என்று பதிவு பெற, முதுநிலைப் பட்டத்துக்கு மேல் தனிப் பயிற்சிப் பட்டமும் தேவை.

திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகத் துறை, பிஷப் ஹீபர் கல்லூரி. கோவையில் பாரதியார் பல்கலைக்கழகத் துறை, பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரி. மதுரையில் சமூக அறிவியல் கல்லூரி. திருப்பத்தூரில் தூய நெஞ்சக் கல்லூரி. சென்னையில் லயோலா, ஸ்டெல்லா மாரிஸ், சமூகப்பணிக் கல்லூரி என்று மாநிலத்தின் பல மூலைகளிலும் இந்தப் படிப்பு இருக்கிறது. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்திலும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் உண்டு. மும்பை டாட்டா நிறுவனம், தலித் மற்றும் பழங்குடியினர் பற்றிய படிப்புக்கென்றே சமூகப்பணியில் தனிப் பிரிவைத் தொடங்கிய இடம்.

நுழைவுத் தேர்வும் இட ஒதுக்கீடும்

திருவாரூர், புதுச்சேரி, டாட்டா ஆகியவற்றுக்குப் போக க்யூட் முதுநிலைத் தேர்வு எழுத வேண்டும். 75 கேள்விகள். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 மதிப்பெண் கழியும். சமூகப்பணித் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கிறது, தமிழில் இல்லை. இது நியாயமற்றது, இதைத் தொடர்ந்து கேட்க வேண்டும். அதேசமயம் தமிழ்வழியில் படித்த பிள்ளை அதைக் காரணமாக வைத்து விண்ணப்பிக்காமல் இருந்துவிடக் கூடாது. கேள்விகளில் வரும் சொற்கள் திரும்பத் திரும்ப வருபவைதான். பழைய வினாத்தாள்களை எடுத்துவைத்துக்கொண்டு, இறுதியாண்டு தொடங்கும் ஜூலையிலிருந்து நாளைக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் பிடிபட்டுவிடும்.

மத்திய நிறுவனங்களில் பட்டியலினத்தவருக்கு 15 சதவீதம், பழங்குடியினருக்கு 7.5 சதவீதம் இடம் உண்டு. தமிழ்நாட்டில் மொத்த 69 சதவீத ஒதுக்கீட்டில் பட்டியலினத்தவருக்கு 18, பழங்குடியினருக்கு 1. அந்த 18-க்குள் 3 சதவீதம், 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி அருந்ததியருக்கு. சாதிச் சான்றிதழில் அந்தப் பிரிவு சரியாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று அருந்ததியர் பிள்ளைகள் இப்போதே எடுத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். அரசமைப்புச் சட்டத்தின் 15(5) பிரிவு சிறுபான்மை நிறுவனங்களை இட ஒதுக்கீட்டிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. நல்ல பெயருள்ள சமூகப்பணிக் கல்லூரிகளில் பல, சிறுபான்மை நிறுவனங்கள். அவற்றில் தலித் மாணவருக்குத் தனி இடம் தருவது அந்தந்த நிர்வாகத்தின் கொள்கை. முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்து, கிறிஸ்தவத் தலித் பிள்ளைகள் மாநிலத்தில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். மத்திய நிறுவனங்களில் பட்டியலின இடத்துக்கு விண்ணப்பிக்க முடியாது.

பணக் கணக்கு

குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிடருக்கு மாநில அரசு தருகிறது. சுயநிதிக் கல்லூரியில் படிக்கும் பட்டியலின, பழங்குடி, மதம் மாறிய கிறிஸ்தவ மாணவர்களின் கட்டாயக் கட்டணத்தை அரசே ஏற்க வழிசெய்தது 2012-ஆம் ஆண்டின் அரசாணை எண் 92. "முதலில் கட்டுங்கள், பணம் வந்ததும் தருகிறோம்" என்று சொல்லும் கல்லூரியில் இந்த ஆணையை எடுத்துச் சொல்லிப் பேசுங்கள். நிர்வாக ஒதுக்கீட்டு இடத்தில் சேர்ந்தால் உதவித்தொகை கிடைக்காது. எனவே எந்த இடத்தில் சேர்க்கிறார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு பணத்தைப் பற்றிப் பேசுங்கள். வருமானச் சான்றிதழ், ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு இரண்டும் சேர்க்கைக்கு முன்பே கையில் இருக்கட்டும்.

பெரிய நிறுவனம் என்றால் கவலையில்லை என்று நினைக்க வேண்டாம். உதவித்தொகைத் தகுதியுள்ள மாணவர்களுக்கு இருந்த கட்டணச் சலுகையை நிறுத்தியதை எதிர்த்து டாட்டா நிறுவன மாணவர்கள் 2018 பிப்ரவரியில் போராட்டத்தில் இறங்கினார்கள். சேர்க்கைக் கடிதத்தோடு கட்டண விவரத்தையும் உட்கார்ந்து படியுங்கள்.

உதவித்தொகையில் வராத செலவு ஒன்று இருக்கிறது. களப்பணிக்கு வாரம் இரண்டு நாள் வெளியே போக வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை. மற்ற பேருந்துக்கும், ஆண் பிள்ளைகளுக்கும் காசு வேண்டும். மதியச் சாப்பாடு, முகாம் செலவு, ஆய்வேடு தட்டச்சு என்று வரும். இளநிலையில் கைகொடுத்த புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் மாதம் 1,000 ரூபாய் முதுநிலைக்குக் கிடையாது. இந்தக் கணக்கை வீட்டில் அப்பா, அம்மாவோடு உட்கார்ந்து போட்டுவிடுங்கள். ஆதிதிராவிடர் நல விடுதியில் இடம் கிடைக்குமா என்பதையும் சேர்த்து விசாரியுங்கள்.

களப்பணிதான் உரைகல்

ஒரு கல்லூரி நல்லதா என்று அறிய அதன் கட்டடத்தைப் பார்க்க வேண்டாம். அங்கே இரண்டாம் ஆண்டு படிக்கும் இரண்டு பேரைத் தேடிப்பிடித்துப் பேசுங்கள். களப்பணிக்கு எங்கே அனுப்புகிறார்கள்? பேராசிரியர் நேரில் வந்து பார்க்கிறாரா, அறிக்கையில் கையெழுத்து மட்டும் போடுகிறாரா? கிராம முகாமில் மாணவர்கள் எங்கே தங்கினார்கள்? ஊருக்குள் தங்கி, ஊருக்குள் சாப்பிட்டு, காலனிக்குக் கணக்கெடுக்க மட்டும் போய்வந்த முகாமா? ஊர்க்காரர் ஒருவர் மாணவரிடம் "தம்பி, நீங்க எந்தத் தெரு?" என்று சாதியைத் துருவியபோது உடனிருந்த ஆசிரியர் என்ன செய்தார்? தலித் மாணவியை எப்போதும் தலித் குடியிருப்புக்கே அனுப்புகிறார்களா, மருத்துவமனைக்கும் தொழிற்சாலைக்கும் அனுப்புகிறார்களா? இந்தக் கேள்விகளுக்குக் கிடைக்கும் பதில்தான் அந்தத் துறையின் உண்மையான தரச்சான்று.

சேர்ந்த பிறகு இழிவு நேர்ந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. சம வாய்ப்புப் பிரிவும் பாகுபாட்டு எதிர்ப்பு அலுவலரும் கல்லூரிகளில் வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2012-லேயே விதிமுறை கொண்டுவந்தது. அந்த அலுவலர் யார் என்று முதல் வாரத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நேர்முகத்தில் என்ன சொல்வது?

மாநிலத்துக்குள் பல கல்லூரிகள் விண்ணப்பத்துக்குப் பிறகு நேர்முகம் வைக்கின்றன. சில, குழு விவாதமும் வைக்கின்றன. "ஏன் சமூகப்பணி?" என்ற கேள்வி கட்டாயம் வரும். "ஏழைகளுக்குச் சேவை செய்ய ஆசை" என்று எல்லோரும் சொல்வதையே நீங்களும் சொல்லாதீர்கள். உங்கள் தெருவைப் பற்றிச் சொல்லுங்கள். நூறுநாள் வேலையில் கூலி எத்தனை வாரம் தள்ளி வந்தது, மழைக்காலத்தில் பிணத்தை எந்த வழியாகத் தூக்கிப் போனீர்கள், எட்டாம் வகுப்போடு நின்ற தோழியை மறுபடி பள்ளியில் சேர்க்க யாரைப் போய்ப் பார்த்தீர்கள் என்று நடந்ததைச் சொல்லுங்கள். 2022 டிசம்பரில் வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட செய்தியைப் பற்றிக் கேட்டால், அந்தத் தெருக் குழந்தைகளுக்கு அன்று என்னென்ன உதவி தேவைப்பட்டிருக்கும் என்று யோசித்துப் பதில் சொல்லுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் "தமிழில் சொல்லலாமா, ஐயா?" என்று கேட்டுவிட்டுப் பேசுவதில் வெட்கம் எதுவும் இல்லை.

இந்தப் படிப்பை ஏற்கெனவே முடித்துவிட்டு மாவட்டத்தில் வேலை பார்க்கும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் ஒரு வேண்டுகோள். நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊர்ப் படிப்பகத்துக்கு வாருங்கள். இறுதியாண்டு படிக்கும் பிள்ளைகளைக் கூப்பிட்டு, விண்ணப்பத்தைத் திறந்து காட்டி, சான்றிதழ்களைச் சரிபார்த்துக் கொடுங்கள். நீங்கள் படித்த கல்லூரியின் களப்பணி எப்படி இருந்தது என்று மறைக்காமல் சொல்லுங்கள். அவர்கள் எங்கே சேர வேண்டும் என்பதை முடிவுசெய்ய அது பெரிதும் உதவும்.