பழைய ரொட்டிக்குள் ஒரு கஸ்டர்டு

பிரெஞ்சு டோஸ்ட் என்றால் முட்டையில் முக்கிச் சுட்ட ரொட்டி என்று நினைத்துக்கொண்டுதான் பலரும் அடுப்பைப் பற்றவைக்கிறோம். தட்டுக்கு வருவது என்ன? வெளியே ஆம்லெட்டாக ஒரு மஞ்சள் தோல், உள்ளே வறண்ட ரொட்டி. அல்லது மேலே கருகல், நடுவில் சொதசொதப்பு, போதாக்குறைக்கு முட்டைக் கவிச்சி. ரொட்டி, முட்டை, பால், சர்க்கரை, வெண்ணெய் என்று எண்ணி ஐந்தே பொருள்கள். இருந்தும் ஒரு நாள் வந்த பதம் மறுநாள் வருவதில்லை.

இதை ஒரு கஸ்டர்டு என்று எடுத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். பாலும் முட்டையும் கலந்து மிதமான சூட்டில் உறையவைப்பதுதான் கஸ்டர்டு. கேரமல் புட்டிங்கில் அது கிண்ணத்தில் உறைகிறது. இங்கே ரொட்டியின் துளைகளுக்குள் உறைகிறது. ஆகவே ஒரே வாணலியில், ஒரே நேரத்தில் இரண்டு வேலைகள் நடக்க வேண்டும்: உள்ளே நிதானமாக ஓர் உறைதல், வெளியே துரிதமாக ஒரு சிவத்தல். உள்ளே வேண்டிய சூடு 80 டிகிரி செல்சியஸ் அளவு. வெளியே 140 டிகிரிக்கு மேல். இந்த இரண்டையும் கெடுப்பதோ காப்பதோ தண்ணீர்தான். அது எங்கே இருக்கிறது, எப்போது வெளியேறுகிறது என்று பார்த்துக்கொண்டால் போதும்.

ரொட்டியிலிருந்து தொடங்குவோம். சமையல் குறிப்புகள் ‘பழைய ரொட்டி’ என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகின்றன. பழசாவது என்றால் காய்ந்துபோவது என்பது பொதுவான எண்ணம். ழான் பாப்டிஸ்ட் பூசங்கோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1852இல் இதைச் சோதித்துக் காட்டினார். ஈரம் வெளியேற வழியில்லாமல் மூடிவைத்த ரொட்டியும் பழசாகி விறைத்தது. அதை 60 டிகிரிக்குச் சூடாக்கியதும் மறுபடி மெத்தென்று ஆனது. ஈரம் போகாமலே விறைக்கிறது, ஈரம் சேராமலே இளகுகிறது என்றால் காரணம் வேறெங்கோ இருக்கிறது.

அது மாவிலுள்ள ஸ்டார்ச்சில் இருக்கிறது. ரொட்டி வேகும்போது ஸ்டார்ச் மணிகள் தண்ணீரைக் குடித்து உப்புகின்றன; உள்ளே வரிசையாக அடுக்கியிருந்த மூலக்கூறுகள் கலைந்துபோகின்றன. ஆறியபின் அவை மெல்ல மெல்ல மறுபடி அடுக்கிக்கொண்டு படிகங்களாகின்றன. ஸ்டார்ச்சில் இரண்டு வகை உண்டு. நீளச் சங்கிலியான அமைலோஸ் சில மணி நேரத்திலேயே இறுகிவிடும். அடுப்பிலிருந்து எடுத்த சூட்டில் ரொட்டியை ஒழுங்காகச் சீவ முடியாமல், ஆறியபின் சீவ முடிவது இதனால்தான். கிளை கிளையாகப் பிரிந்த அமைலோபெக்டின் அவசரப்படாது, நாள்கணக்கில் அடுக்கும். நேற்றைய ரொட்டியின் விறைப்பு இதன் வேலை. பூசங்கோ 60 டிகிரிக்குச் சூடாக்கியபோது உருகியதும் இந்தப் படிகங்களே. ஃப்ரிட்ஜில் வைத்தால் அடுக்கல் இன்னும் வேகமாகும். பூசணத்துக்குப் பயந்து பிரெட்டை அங்கே வைப்பவர்கள் அதை விறைப்பிடம் ஒப்படைக்கிறார்கள். ஃப்ரீசரின் கடுங்குளிரில் மட்டும் அடுக்கல் ஏறக்குறைய நின்றுவிடும்.

பிரெஞ்சு டோஸ்டுக்கு இந்த விறைப்பு ஒரு வரம். பாலில் ஊறும்போது துளைகளின் சுவர்கள் இடிந்து விழாமல் நிற்க அது வேண்டும். வாணலியில் நடுப்பகுதி 60 டிகிரியைத் தாண்டியதும் அதுவே விலகிவிடும். சாப்பிடுபவருக்கு அது இருந்ததே தெரியாது. வேலை முடிந்ததும் சொல்லாமல் கிளம்பிப்போகும் இப்படி ஓர் உதவியாள் சமையலறையில் அபூர்வம்.

விறைப்பு மட்டும் போதாது, உலர்வும் வேண்டும். புது ரொட்டியின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர். அதில் கொஞ்சம் வெளியேறினால்தான் பால் கலவைக்கு இடம் கிடைக்கும். உறையில் போட்டு விற்கும் பிரெட்டில் பெரும்பாலும் மென்மையைப் பிடித்துவைக்கும் எமல்சிஃபையர்கள் சேர்ந்திருக்கும். அது பழசாகட்டும் என்று காத்திருப்பது வீண். ஓவன் இருந்தால் துண்டுகளைப் பரப்பி 130 டிகிரியில் கால் மணி நேரம் வையுங்கள். இல்லாவிட்டால் வெறும் தோசைக்கல்லில், சிறு தீயில், நிறம் மாறாமல் இருபுறமும் சில நிமிடம் வாட்டி ஆறவிடலாம். மேல்பக்கம் கெட்டியாகவும் நடுவில் கொஞ்சம் மெத்தென்றும் இருந்தால் சரி.

தடிமனும் முக்கியம். கடையில் சீவி வரும் துண்டு கஸ்டர்டு தங்குவதற்கு மிக மெல்லியது. பேக்கரியில் வெட்டாத முழு பிரெட்டை வாங்கி, 2 செ.மீ. கனத்துக்கு நீங்களே வெட்டிக்கொள்வது மேல். முட்டையும் வெண்ணெயும் சேர்த்துப் பிசைந்த பிரியோஷ் கிடைத்தால் அதைவிடத் தோதான ரொட்டி இல்லை.

அப்படி வெட்டிய 4 துண்டுகளுக்கு 2 முட்டை, 120 மி.லி. பால், 1 மேசைக்கரண்டி சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, சில சொட்டு வனிலா எசென்ஸ். பால் இதைவிடக் குறைந்தால் பண்டம் ஆம்லெட் பக்கம் சாயும். கூடினால் உறையவைக்கப் புரதம் போதாமல் நடுப்பகுதி கூழாகவே நிற்கும். முட்டை அடிப்பதில் சோம்பல் கூடாது. வெண்கருவின் கெட்டியான பகுதி லேசில் கலையாது; கலையாமல் விட்டால் ரொட்டிக்குள் நுழைய முடியாமல் மேலேயே தங்கி, சூடு பட்டதும் வெள்ளைத் திட்டுத் திட்டாக வெந்துவிடும். ஒருமுறை வடிகட்டிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. கவிச்சிக்கும் முக்கியக் காரணம் வெண்கருதான். அதன் புரதங்களில் உள்ள கந்தகம் சூட்டில் சேர்மங்களாக வெளியேறும்போது அந்த வாடை எழுகிறது. அது பிடிக்காதவர்கள் ஒரு முழு முட்டையோடு இரண்டு மஞ்சள் கரு சேர்த்துப் பாருங்கள்.

பட்டைத் தூள் சேர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தூள் பாலில் கரையாமல் மிதக்கும். முதலில் முக்கும் துண்டே மொத்தத்தையும் வாரிக்கொண்டு போய்விடும். தூளைச் சர்க்கரையோடு கலந்து, ஒரு கரண்டி பால் விட்டுக் குழைத்தபிறகு மீதிப் பாலை ஊற்றினால் சமமாகப் பரவும். இலங்கைக் கறுவா என்றால் மணம் மென்மையாக இருக்கும். மளிகைக் கடையில் தடித்த மரப்பட்டையாக விற்பது பெரும்பாலும் கேசியா. அதன் காரம் வனிலாவை அமுக்கிவிடும்.

உலர்த்திய தடித்த துண்டு பக்கத்துக்கு ஒரு நிமிடம் ஊறினால் போதும். மெல்லிய கடைத் துண்டுக்குப் பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் கொடுத்தால் கையோடு பிய்ந்து வரும். ஊறிய துண்டைக் கம்பித் தட்டில் வைத்துச் சற்று வடியவிடுங்கள். மேலே வழியும் கலவைதான் வாணலியில் அந்த ஆம்லெட் தோலாகிறது.

இந்தப் பண்டத்தின் வரலாற்றில் முட்டை எல்லா இடத்திலும் இல்லை. அபிசியஸ் பெயரில் வழங்கும் பழைய ரோமானியச் சமையல் நூலில் வெள்ளை ரொட்டியின் மேலோட்டைச் சீவி, பெரிய துண்டுகளாக்கி, பாலில் நனைத்துப் பொரித்து, தேன் ஊற்றிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறது. முட்டை பற்றிப் பேச்சே இல்லை. ராபர்ட் மே என்ற ஆங்கிலேயச் சமையல்காரர் 1660இல் வெளியிட்ட நூலில் ‘பிரெஞ்சு டோஸ்ட்’ என்றே பெயர் வருகிறது. ஆனால் அங்கே ரொட்டி நனைவது திராட்சை மது, சர்க்கரை, ஆரஞ்சுச் சாறு ஆகியவற்றில். நாம் தேடும் செவ்வியல் வடிவத்தைப் பிரெஞ்சுச் சமையல்காரர் எஸ்கோஃபியே 1903இல் வெளியிட்ட சமையல் பெருநூலில் பார்க்கலாம். பிரியோஷையோ பழைய ரொட்டியையோ வெட்டி, வனிலா மணமுள்ள இனிப்புப் பாலில் நனைத்து, வடித்து, பிறகு தனியாக அடித்து வைத்த முட்டையில் முக்கி, தெளியவைத்த வெண்ணெயில் பொன்னிறமாக்குகிறார். பாலும் முட்டையும் அவரிடம் வேறு வேறு பாத்திரங்களில் இருக்கின்றன. பால் உள்ளே போய் ஈரம் தருகிறது, முட்டை வெளியே நின்று உறையாகிறது. ஸ்பெயினில் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் செய்யும் டொர்ரிஹாவும் ஏறக்குறைய இதே முறை, பொரிப்பது ஆலிவ் எண்ணெயில். பாலையும் முட்டையையும் ஒரே பாத்திரத்தில் அடித்துவிடும் இன்றைய அமெரிக்க வழியில் முட்டையும் உள்ளே போவதால் ரொட்டி முழுக்கக் கஸ்டர்டாகிறது. எனக்கு இதுவே பிடிக்கும். பிரெஞ்சு வழியில் வெளித்தோல் இன்னும் மொறுமொறுப்பாக வரும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இனி நெருப்பு. வெண்கரு தனியாக இருந்தால் 60 டிகிரியைத் தாண்டியதுமே உறையத் தொடங்கும். மஞ்சள் கரு 65 முதல் 70 டிகிரியில் இறுகும். பாலும் சர்க்கரையும் சேர்ந்தால் புரதங்கள் ஒன்றையொன்று எட்டிப் பிடிப்பது கடினமாகிறது. 80 டிகிரி அளவில்தான் வலை பின்னும். சூடு அதற்கும் மேலே போய்க்கொண்டிருந்தால் வலை இறுகி, பிடித்துவைத்த தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளும். அதாவது வேகாத டோஸ்டும் சொதசொதக்கும், மிகையாக வெந்ததும் தட்டில் நீர் விடும்.

வெளிப்புறத்தின் கதை வேறு. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீய் மயார் 1912இல் விவரித்த வேதிவினைதான் அங்கே நிறமும் மணமும் தருகிறது. புரதத்தின் அமினோ அமிலங்கள் சிலவகைச் சர்க்கரைகளோடு சூட்டில் சேர்ந்து நூற்றுக்கணக்கான மணப் பொருள்களை உண்டாக்குகின்றன. நாம் போடும் வெள்ளைச் சர்க்கரை இந்த வினையில் நேரடியாகச் சேராது; பாலில் இருக்கும் லாக்டோஸ் சேரும். மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை அங்கே சூடு 100 டிகிரியைத் தாண்டாது, நிறமும் ஏறாது. வடியவிடச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

அடுப்பு மிதத்துக்கும் கொஞ்சம் குறைவாகவே எரியட்டும். கனமான வாணலியோ இரும்புத் தோசைக்கல்லோ நல்லது. வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு தண்ணீர். போட்டதும் அது நுரைத்துப் பொரியும். நுரை அடங்கினால் தண்ணீர் போய்விட்டது, கல் தயார் என்று பொருள். துண்டை அப்போது போடுங்கள். இன்னும் தாமதித்தால் வெண்ணெயிலுள்ள பால் துகள்கள் சிவந்து, பிறகு கருகும். கொஞ்சம் எண்ணெய் சேர்த்தால் வெண்ணெய் கருகாது என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. பால் துகள்களுக்கு எண்ணெய் எந்தப் பாதுகாப்பும் தருவதில்லை. அவை தம் சூட்டில் கருகியே தீரும். எஸ்கோஃபியே வெண்ணெயைத் தெளியவைத்தது அந்தத் துகள்களை நீக்கத்தான். நம் வீட்டு நெய் அந்த வேலையை முன்கூட்டியே முடித்து வைத்திருக்கிறது. மணம் வேறாக இருக்கும், அவ்வளவே. ஒவ்வொரு முறையும் கல்லைத் துடைத்துவிட்டுப் புது வெண்ணெய் போடுங்கள்.

பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடம் ஆகும். நடுப்பகுதி லேசாக உப்பி, விரலால் அழுத்தினால் திரும்ப எழும்பினால் உள்ளே உறைந்துவிட்டது. வெப்பமானி வைத்திருப்பவர்கள் நடுவில் குத்திப் பார்க்கலாம். முட்டையில் இருக்கக்கூடிய சால்மொனெல்லா கிருமி அழிய 71 டிகிரி தாண்டினால் போதும் என்கிறார்கள். 80 நெருங்கினால் பதமும் சரியாக வந்திருக்கும். நிறம் வந்தும் நடு உறையவில்லை என்றால் தீயைக் கூட்டாதீர்கள். 150 டிகிரி ஓவனில் ஐந்து நிமிடம் வைத்தால் உள்ளே இருப்பது ஆத்திரப்படாமல் உறைந்துவிடும்.

மேலே ஊற்றுவது மேப்பிள் சிரப் என்றால், மரத்தில் வடியும் சுமார் 40 லிட்டர் சாற்றைச் சுண்டவைத்தால்தான் அது 1 லிட்டர் கிடைக்கும், விலை அதனால். தேனும் தப்பில்லை, ரோமானியர்கள் அதைத்தான் ஊற்றினார்கள். ஹாங்காங் தேநீர்க் கடைகளில் இரண்டு துண்டுகளுக்கு நடுவே வேர்க்கடலை வெண்ணெய் தடவி, முட்டையில் முக்கி, எண்ணெயில் பொரித்து, மேலே கண்டென்ஸ்டு மில்க் ஊற்றுகிறார்கள். நம் ஊரிலும் இலங்கையிலும் பாம்பே டோஸ்ட் என்ற பெயரில் வழங்குவது மெல்லிய கடைத் துண்டில் செய்வது. பால் குறைவு, முட்டை தூக்கல், சில வீடுகளில் ஏலக்காய். அதைக் கஸ்டர்டின் அளவுகோலால் அளப்பது நியாயமில்லை. வெங்காயமும் பச்சை மிளகாயும் கொத்தமல்லியும் நறுக்கிப் போடும் கார வகைக்கு ஆம்லெட் தோல்தான் வேண்டும். அங்கே பாலை முற்றிலும் விட்டுவிடலாம்.

செய்ததை அடுக்கி வைக்காதீர்கள். ஒன்றின் ஆவி இன்னொன்றின் மேல்தோலை நமுக்கச் செய்துவிடும். கம்பித் தட்டில் தனித்தனியாக வையுங்கள். மிஞ்சினால் ஆறவிட்டு ஃப்ரீசரில் போடலாம். சாப்பிடும்போது மைக்ரோவேவ் வேண்டாம், உள்ளே இருக்கும் தண்ணீரை ஆவியாக்கித் தோலைத் தொளதொளக்க வைக்கும். ஃப்ரீசரிலிருந்து எடுத்து நேராக டோஸ்டரில் போடுங்கள்.