மோதிரக் கையால் ஒரு குட்டு

ஆண்டுக்கொரு முறை வகுப்பின் கடைசி வரிசையில் வந்து அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு, 'திருப்திகரமாக இல்லை' என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுப் போய்விடும் தலைமையாசிரியர், அந்த உபாத்தியாயருக்கு எதையும் கற்பித்துவிட்டார் என்று சொல்வதற்கில்லை. எங்கே கோட்டை விடுகிறோம் என்பது தெரிந்திருந்தால் அந்த மனிதர் அதை முன்பே சரிசெய்திருக்க மாட்டாரா? பாதகமான மதிப்பீட்டைப் பெற்றவரை அதன்பின் என்ன செய்வது என்னும் பிரச்னைக்கு, அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து டொலீடோ நகரத்தார் கண்ட வழி விசித்திரமானது.

கண்ணாடித் தொழிலுக்குப் பேர்போன அந்நகரில் ஆசிரியர் சங்கத் தலைவராக இருந்த டால் லாரன்ஸ், புதிதாக வேலைக்கு வருகிறவர்களை அனுபவம் முதிர்ந்த ஆசிரியர்களே பயிற்றி மதிப்பிடட்டும் என்று எழுபதுகளிலேயே யோசனை சொன்னார். பல ஆண்டுகள் இணங்காதிருந்த நிர்வாகம், பழைய ஆசிரியர்களுள் தடுமாறுகிறவர்களையும் சேர்த்துக்கொள்வதானால் சம்மதம் என்றது. 1981ல் திட்டம் நடைமுறைக்கு வந்தது. உறுப்பினர்களைக் காப்பதற்கென்றே ஏற்பட்ட சங்கம் அவர்களுடைய தகுதியை நிறுக்கத் துணிவது துரோகம் என்று முணுமுணுத்தவர்கள் இல்லாமற் போவார்களா?

ஏற்பாட்டை நெருங்கிப் பார்த்தால் அந்தச் சந்தேகம் பெரும்பாலும் தெளியும். ஒருவருக்கு உதவி தேவை என்று தலைமையாசிரியரும் அதே பள்ளியின் சங்கக் குழுவும் ஒருமித்துச் சொன்னாலன்றி அவர் திட்டத்துக்குள் வருவதில்லை. தீர்ப்புச் சொல்லும் ஒன்பது பேர் குழுவில் சங்கத்தார் ஐவர், நிர்வாகத்தார் நால்வர். எந்த முடிவுக்கும் ஆறு வாக்குகள் வேண்டும் என்பதால், எதிர்த் தரப்பில் ஒருவரையேனும் இசைவிக்காமல் எவரும் எதையும் சாதிக்க முடியாது. உதவி செய்கிறவரோ, வகுப்பறை வேலையிலிருந்து மூன்றாண்டுகளுக்கு விடுவிக்கப்பட்ட ஆலோசக ஆசிரியர். கூடியவரை அதே பாடத்தைக் கற்பித்தவர். தவணை முடிந்ததும் தம் வகுப்புக்கே திரும்ப வேண்டியவர். குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால் குட்டுப்படுவது என்பார்களே, அதுதான் இது.

இத்தகைய ஆலோசகர் செய்யும் காரியம் வெளிப்பார்வைக்கு மிகச் சாமானியமானது. மணியடித்து எத்தனை நிமிஷம் கழித்துப் பாடம் தொடங்கியது, எந்த மூலையிலிருக்கும் பிள்ளைகளிடம் கேள்வியே போகவில்லை, கேட்ட கேள்விக்கு விடை வரும்வரை ஆசிரியர் பொறுத்தாரா என்பவற்றை நேரத்துடன் குறித்துக்கொள்வார். பிறகு இருவரும் தனியே உட்கார்ந்து அந்தக் குறிப்பைப் படிப்பார்கள். பொறுப்பது அற்ப விஷயமன்று. மேரி பட் ரோ என்னும் கல்வியாராய்ச்சியாளர், ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்பதையும், மூன்று விநாடி பொறுத்தால் பிள்ளைகளின் விடைகள் நீள்வதையும், வாய் திறவாதவர்களும் பேசத் தொடங்குவதையும் எழுபதுகளிலேயே கண்டு எழுதினார். 'பொறுமை போதாது' என்று அறிக்கையில் எழுதினால் மனம் புண்படும். 'இந்த இடத்தில் மூன்று வரை எண்ணிப் பாருங்கள்' என்றால் மறுநாளே செய்து பார்க்கலாம்.

உதவுகிறவரே மதிப்பிடவும் கூடாது, அப்படிச் செய்தால் ஒருவரும் மனம் திறக்கமாட்டார் என்பது நெடுநாளைய அபிப்பிராயம். அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும், மாதக்கணக்கில் உடனிருந்து பார்த்தவரை விலக்கிவிட்டு, அரைமணி நேரம் பார்த்தவரிடம் தீர்ப்பை ஒப்படைப்பது அதைவிட நியாயமென்று எனக்குத் தோன்றவில்லை. செலவைப் பற்றிய ஆட்சேபம்தான் கனமானது. தேர்ந்த ஆசிரியர்களை வகுப்பிலிருந்து எடுத்தால் அவர்களிடத்தில் வேறு ஆட்களை அமர்த்தியாக வேண்டும். அப்படியிருந்தும் சின்சினாட்டி, ரோசெஸ்டர் முதலிய நகரங்கள் எண்பதுகளிலேயே இம்முறையை மேற்கொண்டன; கலிபோர்னியா 1999ல் இதற்கென்று ஒரு சட்டமே இயற்றியது.

எல்லோரும் தேறிவிடுவதில்லை. சிலர் தாமாகவே ராஜிநாமாச் செய்துவிட்டுப் போகிறார்கள். வேறு சிலரைக் குழு நீக்கச் சொல்கிறது. அப்போது, மாதக்கணக்கில் அளித்த உதவி இன்னதென்று தேதிவாரியாகச் சொல்லும் குறிப்புகள் மேஜைமீது இருப்பதால், தமக்கு வாய்ப்பே தரப்படவில்லை என்று வாதாட அவர்களால் இயலுவதில்லை.