உப்புக்காற்றும் ஒரு மில்லிமீற்றர் ஓட்டையும்

புத்தளத்திலிருந்து கொழும்பு வீதியில் வந்தால், கற்பிட்டிக்குப் பிரிகிற சந்தி பாலாவி. அந்தக் கிளைவீதியில் கொஞ்சத் தூரம் போனாலே உப்பளங்கள் தொடங்கிவிடும். பாத்திகளில் களப்பு நீர் வெயிலில் வற்றிக்கொண்டிருக்கும். கரையோரம் கிடுகு போர்த்திய உப்புக் குவியல்கள் நிற்கும். உதட்டை நாக்கால் தடவினால் கரிக்கும். அந்தக் காற்றுக்குள்தான் இந்த ஊரின் வீடுகளும் அவற்றின் குழாய்களும் இருக்கின்றன. ஒரு நாள் விடிகாலையில் குசினிச் சுவரோரம் தண்ணீர் தேங்கி நிற்பதைப் பார்க்கிறவர், "நேற்று வரைக்கும் நல்லாத்தானே இருந்தது" என்று திகைப்பார். நேற்று அது நன்றாக இருக்கவில்லை. பல வருடங்களாகவே நன்றாக இருக்கவில்லை. கசிவு என்பது கண்ணுக்குத் தெரியாமல் நடந்துவந்த ஒரு வேதியியலின் கடைசி நாள்.

முதலில் அந்த ஓட்டையின் கணக்கைப் பார்ப்போம். 5 மீற்றர் உயரத்தில் 1,000 லீற்றர் தண்ணீர்த் தாங்கி இருக்கிறது. கீழே குழாயில் 1 மில்லிமீற்றர் அகலத்தில் ஓர் ஓட்டை; ஊசிமுனையைவிடச் சற்றுப் பெரியது, அவ்வளவுதான். ஓட்டையால் வெளியேறும் நீரின் வேகம், அதே உயரத்திலிருந்து விழும் கல் தரையைத் தொடும்போது பெறுகிற வேகத்துக்குச் சமம் என்று இத்தாலியரான டொரிசெல்லி 1640களில் கண்டுபிடித்தார். 5 மீற்றருக்கு அது வினாடிக்கு ஏறத்தாழ 10 மீற்றர். ஓட்டையின் விளிம்பைத் தாண்டும்போது நீர்த்தாரை சுருங்குவதையும் கணக்கில் எடுத்தால், வினாடிக்கு நாலரை மில்லிலீற்றருக்குச் சற்றுக் கூடுதலாக வெளியேறும். ஒரு நாளைக்கு அது 400 லீற்றர். இரண்டரை நாளில் தாங்கி காலி. ஓட்டை 2 மில்லிமீற்றர் ஆனால் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு போகும். பரப்பு அப்படித்தான் பெருகுகிறது.

இன்னொரு கணக்கு இதைவிட வியப்பானது. அந்த ஓட்டையின் மேல் உள்ளே இருந்து நீர் தள்ளுகிற விசை எவ்வளவு தெரியுமா? வெறும் 4 கிராம் எடைக்குச் சமமானது. நாளுக்கு 400 லீற்றரை வெளியேற்றும் ஓட்டையை ஒரு பிள்ளையின் விரல்நுனி அடைத்துவிடும். பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி, இழுத்து இழுத்துச் சுற்றிக் கம்பியால் கட்டும் நாட்டு வைத்தியம் வேலை செய்வதும் இதனால்தான். இழுபட்ட இறப்பர் சுருங்கப் பார்க்கிறது. அந்தச் சுருக்கம் தருகிற அழுத்தம், மேலே இருக்கும் ஐந்து மீற்றர் நீரின் அழுத்தத்தைச் சுலபமாக வென்றுவிடுகிறது.

சரி, ஓட்டை எப்படி வந்தது?

கடலில் அலை உடையும்போது நுரைக் குமிழிகள் வெடித்து நுண்துளிகளை மேலே வீசுகின்றன. நீர் ஆவியாகி, உப்புத் துகள் காற்றோடு உள்ளே வருகிறது. சுவரிலும் யன்னல் கம்பியிலும் குழாய்த் திருகிலும் படிகிறது. உலர்ந்த உப்பு இரும்பை ஒன்றும் செய்யாது. ஆனால் உப்பு உலர்ந்தே இருப்பதில்லை. காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைட்டு காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். களப்போர ஊரில் இரவில் அந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். கடல் உப்பில் மகனீசியம் குளோரைட்டும் இருக்கிறது. அதற்கு 33 வீத ஈரப்பதனே போதும். நடுப்பகல் வெயிலிலும் அது நீரை விடாது. உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இது புதிதல்ல. புதிதாக வாரிய உப்பு ஈரமாகவும் கசப்பாகவும் இருக்கும். குவித்து மாதக்கணக்கில் விட்டுவைத்தால் மகனீசியம் நீராக வடிந்து போகும். உங்கள் வீட்டுக் குழாயில் படிகிற உப்புக்கு அந்த வடிகால் கிடையாது. அங்கே, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கடல் ஒன்று இரவும் பகலும் ஒட்டிக்கொண்டே இருக்கிறது.

அந்தப் படலத்தில் உள்ள குளோரைட்டு அயன் உலோகத்தின் மேலுள்ள காப்புப் படையைத் துளைக்கிறது. துருப்பிடிக்காத உருக்கு என்று நாம் நம்பி வாங்கும் பொருளும் இதற்குத் தப்பாது. கைகழுவும் தொட்டிக்குக் கீழே, கொமட்டுக்குப் பின்னால், வெள்ளிக்கம்பி பின்னிய வளையும் குழாய் இருக்கிறதே, அதை ஒருமுறை குனிந்து பாருங்கள். பின்னலில் ஒரு புள்ளி பழுப்பாகத் தெரிந்தால் அதன் காலம் முடிந்துவிட்டது. உள்ளே இருப்பது வெறும் இறப்பர்தான். அழுத்தத்தைத் தாங்குவது அந்தப் பின்னல். இரண்டு இழை அறுந்தால் மீதி இழைகள்மேல் பாரம் கூடும். ஆளில்லாத வீட்டில் வெள்ளம் வருவது பெரும்பாலும் இந்த இடத்திலிருந்துதான்.

பித்தளையின் கதை வேறு. பித்தளை என்பது செப்பும் நாகமும் கலந்த உலோகம். உப்புநீர் பட்டுக்கொண்டேயிருந்தால் நாகம் மட்டும் மெல்லக் கரைந்து வெளியேறிவிடும். செப்பு அதே வடிவத்தில், ஆனால் பஞ்சுபோல் துளைகளோடு, நிற்கும். பைப் பாஸ் கழற்றி வீசிய பழைய வால்வ் ஒன்றை எடுத்து உடைத்துப் பாருங்கள். வெளியே மஞ்சள், உடைந்த முகத்தில் இளஞ்சிவப்பு. திருகு வரிகள்கூட அப்படியே இருக்கும், பலம் மட்டும் இருக்காது. ஸ்பானரைப் போட்டதும் கையோடு வருவது அதனால்தான். அதில் பாஸின் தவறு ஒன்றுமில்லை. நாகம் கழலாத வகைப் பித்தளையும் கடைகளுக்கு வருகிறது. விலை சற்றுக் கூட. கரையோர வீட்டுக்கு அந்த விலை தகும்.

இனி, மூட்டுகளில் படியும் வெள்ளைப் பொருக்கு. இதற்கு ஒரு சோதனை உண்டு. ஒரு சொட்டு வினாகிரி விடுங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்பு, அதாவது கல்சியம் காபனேற்று. குழாய்க்குள் ஓடும் கடின நீரிலிருந்து அது வந்திருக்கிறது. ஆகவே அந்த மூட்டு கசிகிறது, கசிந்ததும் காய்ந்துவிடுவதால் நீங்கள் ஈரத்தைப் பார்க்கவில்லை. நுரைக்காமல் வெறும் தண்ணீரிலேயே கரைந்தால் அது காற்றில் வந்த உப்பு. யாழ்ப்பாணத்திலிருந்து வடமேற்குக் கரையோரமாகப் புத்தளம் வரை மயோசீன் காலச் சுண்ணக்கல் நிலத்துக்குக் கீழே நீண்டு கிடக்கிறது. அதன் வயது 50 இலட்சம் ஆண்டுகளுக்குக் குறையாது. அருவக்காட்டில் வெட்டும் அந்தக் கல் தொடருந்தில் பாலாவிச் சீமெந்து ஆலைக்கு வருகிறது. அதே கல்லில் ஊறிய நிலத்தடி நீர் வீட்டுக் குழாயின் கழுத்தில் வெள்ளை வளையம் போடுகிறது. பழங்கடலின் சுண்ணாம்பு உள்ளிருந்தும் இன்றைய கடலின் உப்பு வெளியிலிருந்தும் ஒரே மூட்டில் வந்து சேர்கின்றன என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருக்கும்.

உப்பு தின்றது வருடக்கணக்கில் என்றால், உடைவது ஏன் ஒரு நொடியில்? ஓடுகிற நீரைச் சட்டென நிறுத்தினால் அதன் உந்தம் முழுவதும் அழுத்தமாக மாறும். மொஸ்கோவின் நீர்க்குழாய்களில் சோதனை செய்து, இதன் சூத்திரத்தை 1898 இல் வெளியிட்டவர் ஷுக்கோவ்ஸ்கி. வினாடிக்கு 1 மீற்றர் வேகத்தில் ஓடும் நீர் உடனே நின்றால், பி.வி.சி. குழாயில் ஏறத்தாழ 40 மீற்றர் உயரத் தாங்கிக்குச் சமமான அழுத்தம் எழும். இரும்புக் குழாயில் அதன் மும்மடங்கு. கையால் மெல்ல மூடும்போது இவ்வளவு வராது. மோட்டார் நின்றதும் கிணற்றடி வால்வ் அறைந்து மூடும்போது கிட்டத்தட்ட வரும். "டொம்" என்று சுவருக்குள் கேட்குமே, அதுதான். நலிந்த மூட்டு அந்த அடியில் விடும்.

கிணற்று நீர்தானே, கசிந்தால் மண்ணுக்கே போகிறது என்று ஆறுதல் சொல்வாரும் உண்டு. கற்பிட்டிப் பக்கத்து மணலில் நல்ல நீர், அடியிலுள்ள உப்புநீரின் மேல் மிதக்கிறது. நீர்மட்டம் ஒரு மீற்றர் இறங்கினால், உப்புநீரின் எல்லை நாளடைவில் நாற்பது மீற்றர் வரை ஏறி வரக்கூடும். இரண்டின் அடர்த்தி வேறுபாடு அவ்வளவு சிறியது. கசிந்த நீர் பரந்து ஊறும். மோட்டாரோ, தாங்கியை மறுபடி நிரப்ப ஒரே புள்ளியில் இழுக்கும். கிணறு உவர்க்கத் தொடங்குவது அந்தப் புள்ளியில்தான்.

கசிவைக் கண்டதும் செய்ய வேண்டியது அதிகமில்லை. தண்ணீர் மின்கம்பிப் பக்கம் போயிருந்தால் முதலில் மெயின் சுவிச்சை இறக்குங்கள். மோட்டாரை நிறுத்தி, தாங்கியின் அடி வால்வை மெல்ல மூடி, வீட்டின் ஆகத் தாழ்ந்த பைப்பைத் திறந்துவிடுங்கள். குழாயில் மிச்சமிருக்கும் அழுத்தம் இறங்கிவிடும். பி.வி.சி. பசையை ஈரக் குழாயில் தடவிப் பயனில்லை. அது ஒட்டுகிற பசை அல்ல. இரண்டு குழாய்களின் மேற்பரப்பையும் கரைத்து ஒன்றாக்குகிற கரைப்பான். இடையில் நீர் நின்றால் அவை கலக்கமாட்டா. காய்ந்த பிறகு பூசி, ஒரு நாள் விட்டுத் தண்ணீர் திறக்க வேண்டும்.

தெரியாத கசிவைத் தேட, இரவில் எல்லாப் பைப்பையும் மூடி மீற்றர் எண்ணைக் குறித்துவைத்து விடியப் பாருங்கள். கிணற்று வீடென்றால் தாங்கியின் நீர்மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். கொமட் தொட்டிக்குள் அரைக் கோப்பை பிளேன்டி ஊற்றிவிட்டு அரை மணி நேரம் பொறுங்கள். தண்ணீர் அடிக்காமலே கிண்ணத்தில் சாயம் இறங்கினால் அங்கே ஒழுகுகிறது. உலகம் முழுவதும் நீர் வழங்கும் நிறுவனங்கள் கசிவாலும் திருட்டாலும் மீற்றர்ப் பிழையாலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 12,600 கோடி கன மீற்றரை வருமானமின்றி இழக்கின்றன என்பது 2019 இல் வெளியான மதிப்பீடு. வீட்டுக்குள் ஒழுகுவது அந்தக் கணக்கில் இல்லை.

இன்றைக்கே தாங்கிக்குக் கீழுள்ள வால்வைத் தேடிப் பிடித்து ஒரு தடவை மூடித் திறந்து பாருங்கள். ஆண்டுக்கணக்கில் அசையாத வால்வ் உப்பில் இறுகி, தேவையான அன்று திரும்பாது. அது எங்கே இருக்கிறது என்று வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் காட்டிவையுங்கள்.